மலை எந்தப் பக்கம் என்று கேட்டவள்

சென்னை
18.6.2025, புதன்

என் கண்ணு கவிநிலாவுக்கு,

அம்மா எழுதுவது. நல்லபடியாக வந்து சேர்ந்தேன். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் பதில் வராது, தெரியும். நான் கிளம்பும்போது கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தவளாயிற்றே. ஆனாலும் கேட்கிறேன். நன்றாக இருக்கிறாயா? வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

வந்ததும் முதல் வேலையாகப் போனை வாங்கி ஒரு கவரில் போட்டு ஒட்டிவிட்டார்கள். யார் ஜெயித்தார்கள், யார் தோற்றார்கள் என்பது டிவியில் வருவதற்கு முன்னால் வெளியே தெரியக் கூடாதாம். தோற்றாலும் போட்டி முடிகிறவரை இங்கேயேதான் இருக்க வேண்டும். கடிதம் மட்டும் எழுதலாம். கீர்த்தனா என்று ஒரு பெண் படித்துப் பார்த்துவிட்டு கொரியரில் போடுவாள். (கீர்த்தனா, மதியச் சாம்பாரில் உப்பு ஜாஸ்தி. சொல்லிவிடு.)

பூந்தமல்லி தாண்டி இருக்கிறது இந்தக் கட்டிடம். அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிறது. 'ஏறு மேடை' நிகழ்ச்சி தொடங்கிப் பத்து வருஷம் ஆகிறதென்று, அதில் கலந்துகொண்ட பழைய ஆட்களில் பொறுக்கி எடுத்துத் திரும்பப் போட்டி வைக்கிறார்கள். அப்பப்பா, என்னென்ன மனிதர்கள்! ஒருத்தி உடம்பை வளைத்துத் தன் முதுகைத் தானே பார்க்கிறாள். ஒரு பெரியவர் எந்த ஊர்ப் பெயரைச் சொன்னாலும் பின்கோடு சொல்கிறார். என்னைப் பார்த்ததும் வணக்கம்கூடச் சொல்லாமல் "606601" என்றார். நம் ஊரேதான். வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். இவர்களுக்கு நடுவில் நான் எதற்கு என்று கூச்சமாக இருக்கிறது.

ஆனால் என்னைத்தான் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. லிப்டில் ஏறினால் கைகூப்பி ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டுகிறார்கள். என் அறையில் சினேகா என்று ஒரு பெண். குழந்தையாக இருக்கும்போது இதில் ஆடினாளாம், இப்போது காலேஜ் முடிக்கிறாள். உன்னை மாதிரியே போர்வையைத் தலையோடு இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குகிறாள்.

எழிலரசி வீட்டு ரவிக்கைகள் மிஷின் மேலேயே இருக்கின்றன. தைத்தாகிவிட்டது, கொக்கிதான் வைக்கவில்லை. வைத்துக் கொடுத்துவிடு. அப்பாவுக்குக் காரம் கம்மியாகப் போடு. கோபம் ஆறினால் இரண்டு வரி எழுது.

உன் அம்மா


திருவண்ணாமலை
21.6.2025, சனி

அம்மா,

கொக்கி வைத்துக் கொடுத்துவிட்டேன். அப்பா நன்றாக இருக்கிறார். ஷேர் ஆட்டோவில் ஏறுகிறவர்களிடமெல்லாம் "எங்க வீட்டம்மா டிவியில வரப்போவுது" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். பஸ் ஸ்டாண்டில் ஆரம்பித்தால் வேங்கிக்கால் வரை இதே பேச்சு. கலெக்டர் ஆபீஸ் வாசலில் இறங்குகிறவர்கள் சில்லறை வாங்காமல் தப்பித்து ஓடுகிறார்களாம், அவரே சொல்லிச் சிரிக்கிறார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் ஒன்பதாவது படிக்கும்போது நீ அந்த மேடையில் ஏறினாய். மேடைக்கு நடுவில் கைகூப்பிக்கொண்டு, "மலை எந்தப் பக்கம்? மலை எந்தப் பக்கம்?" என்று சுற்றிச் சுற்றிக் கேட்டாய். மணி அடித்துவிட்டார்கள். ஒன்றும் செய்யாமல் இறங்கி வந்தாய். ஊர் உலகத்துக்குத் தெரிந்தது அவ்வளவுதான். நீ எந்தத் திறமைக்காகப் போனாய் என்று ஒருத்தருக்கும் தெரியாது. நீ சீட்டியடிப்பாய் என்று எனக்கே அப்பா சொல்லித்தான் தெரியும். நான் கேட்டதில்லை. இன்றைக்கும் வாட்ஸப்பில் வழி தெரியாதவன், வேலை தெரியாதவன், காதலில் தோற்றவன் எல்லோருக்கும் உன் முகம்தான் ஸ்டிக்கர்.

பள்ளிக்கூடம் முடிகிறவரை என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. 'மலை' என்றுதான் கூப்பிட்டார்கள். இப்போது நானே டீச்சர். போன வாரம் எட்டாம் வகுப்பில் அர்ஜுனன் என்கிற பையனிடம் ஒளிச்சேர்க்கை பற்றிக் கேட்டேன். எழுந்து கைகூப்பி ஒரு சுற்றுச் சுற்றி, "மலை எந்தப் பக்கம் மிஸ்?" என்றான். ஜன்னல் முழுக்க மலை தெரிகிறது. வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். வேறு என்ன செய்யச் சொல்கிறாய்?

போய்விட்டாய், சரி. ஒன்றே ஒன்று கேட்கிறேன். மேடையில் என் பெயரைச் சொல்லாதே. பெண் இருக்கிறாள், டீச்சராக இருக்கிறாள் என்று எதுவும் வேண்டாம். போட்டோ காட்டாதே. உனக்குப் பெண்ணே இல்லை என்று நினைத்துக்கொள். அப்படியானால்தான் நான் அந்த வகுப்பில் நிற்க முடியும்.

கவிநிலா


சென்னை
25.6.2025, புதன்

கவி,

உன் கடிதம் வந்தது. எனக்கு முன்னால் கீர்த்தனா படித்துவிட்டாள். கொடுக்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

அடியே, நான் என்ன வேண்டுமென்றா செய்தேன்? நீயே சொல். நம் ஊரில் கடை ஷட்டரைத் தூக்குகிறவன் மலையைப் பார்க்காமல் தூக்குகிறானா? உன் அப்பா மலைப் பக்கம் திரும்பிக் கும்பிடாமல் ஒருநாளாவது ஆட்டோவைக் கிளப்பியிருக்கிறாரா? நானும் துணியில் கத்திரி வைக்கும் முன்னால் ஜன்னலைப் பார்ப்பேன். புத்தி தெரிந்த நாளிலிருந்து அப்படித்தான். அன்றைக்கு அந்த ஸ்டூடியோவில் ஜன்னலே இல்லை. நாலு பக்கமும் கறுப்புத் துணி, மேலே கண்ணைக் குத்துகிற விளக்கு. எந்த வழியாக வந்தேன் என்பதே மறந்துவிட்டது. யாராவது கையைக் காட்டினால் கும்பிட்டுவிட்டு ஆரம்பிக்கலாம் என்று கேட்டேன். சிரித்தார்கள். காதில் விழவில்லையோ என்று மறுபடியும் கேட்டேன். அதற்குள் மணி அடித்துவிட்டான் பாவி. நான் உதட்டைக் குவிக்கக்கூட இல்லை.

பத்து வருஷமாக இத்தனை ஜனங்கள் என்னைப் பார்த்திருக்கிறார்கள். ஒருத்தர்கூட என் சீட்டியைக் கேட்டதில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை கவி. கேட்டுவிட்டு, நன்றாக இல்லை என்று சொல்லட்டும். வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுகிறேன்.

வீட்டில் ஏன் அடித்ததில்லை என்று கேட்பாய். கல்யாணமான புதிதில் மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது என்னை மறந்து அடித்துவிட்டேன். தெருவே எட்டிப் பார்த்தது. "இன்னாடி இது, பொம்பள சீட்டியடிக்குது" என்று ஒருத்தி ஆரம்பித்தாள். உன் அப்பா ஒன்றும் சொல்லவில்லை, பாவம். ஆனால் அன்றோடு ஊர் கேட்கிற மாதிரி அடிப்பதை விட்டுவிட்டேன்.

இன்றைக்கு என்னை ஸ்டூடியோவுக்குக் கூட்டிப்போய் ஒன்றைக் காட்டினார்கள். மலை! நம் மலை! தெர்மாகோலில் செய்து, பச்சையும் பழுப்பும் அடித்து, ஒரு வீடு உயரத்துக்கு நிற்கிறது. பார்த்ததும் என் கை தானாகக் குவிந்துவிட்டது. கிட்டப் போனால் அடியில் சக்கரம். டைரக்டர் சொல்கிறார்: "நீங்க நடுவுல நில்லுங்கம்மா. பசங்க மலைய உங்களைச் சுத்தித் தள்ளுவாங்க. நீங்க மலை எந்தப் பக்கம், மலை எந்தப் பக்கம்னு கேட்டுக்கிட்டே திரும்புங்க. ஜனங்க அதுக்குத்தான் காத்துக்கிட்டிருக்காங்க." "சீட்டி?" என்றேன். "டைம் இருந்தா பாக்கலாம்மா" என்றார்.

சினேகா, "அவங்க சொல்றதை செஞ்சிடுங்க ஆன்ட்டி, இல்லன்னா அடுத்த ரவுண்டு கிடையாது" என்கிறாள். நீ படித்தவள். நீ சொல்லு, நான் என்ன செய்யட்டும்?

நீ கேட்டதை ஒத்துக்கொள்கிறேன். உன் பெயர் என் வாயில் வராது. நிம்மதியாக வகுப்புக்குப் போ.

உன் அம்மா


திருவண்ணாமலை
28.6.2025, சனி

அம்மா,

சக்கரம் வைத்த மலையா? அவர்களுக்கு வெட்கமாக இல்லையா? உன்னை வைத்துச் சிரிக்கத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். இதைத்தானே நான் தலைதலையாக அடித்துக்கொண்டேன்?

நீ என்ன செய்யட்டும் என்று கேட்டிருக்கிறாய். பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிடு. அதுதான் என் பதில். அப்பாவிடம் உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். "அவ இன்னா பண்ணணும்னு அவளுக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு ஆட்டோவைத் துடைக்கப் போய்விட்டார். உங்கள் இரண்டு பேருக்கும் நான்தான் பெரிய மனுஷியாக இருக்க வேண்டியிருக்கிறது.

ஒரு ஸ்டிக்கரோடு பத்து வருஷம் ஓட்டிவிட்டேன். இரண்டாவதாக ஒன்று வந்தால் என்னால் முடியாது. வேலையை விட்டுவிட்டு எங்காவது கண்காணாத இடத்துக்குப் போய்விடுவேன். மிரட்டவில்லை, நிஜமாகத்தான் சொல்கிறேன்.

கவிநிலா


சென்னை
3.7.2025, வியாழன்

கவிநிலாவுக்கு,

நீ சொன்னபடி பெட்டியைக் கட்டினேன். கட்டிக் கதவருகில் வைத்துவிட்டுத்தான் நேற்று ஸ்டூடியோவுக்குப் போனேன். வேண்டாம் என்று கிளம்புகிறவளைக் கட்டிப் போடவா முடியும்? நடக்கிறதைப் பார்த்துக்கொண்டு முடிவு செய்யலாம் என்று இருந்தேன்.

என்ன நடந்தது என்று எழுத எனக்கு அனுமதி இல்லை. இரண்டு வரி எழுதிப் பார்த்தேன். கீர்த்தனா அந்தத் தாளைக் கிழித்துவிட்டு வேறு தாள் கொடுத்தாள். கிழித்தவள் போகாமல் என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள்.

பன்னிரண்டாம் தேதி சனிக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்குப் போடுகிறார்களாம். பார்ப்பதும் பார்க்காததும் உன் இஷ்டம். பெட்டியை இன்னும் பிரிக்கவில்லை. உனக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினேன். அதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது.

பௌர்ணமிக்கு அப்பாவுக்குச் சவாரி ஜாஸ்தி இருக்கும். கிரிவலக் கூட்டத்தில் சோறு தண்ணி மறந்துவிடுவார். பாட்டிலில் மோர் ஊற்றிக் கொடுத்தனுப்பு.

ஜோதியம்மாள்


நீ இருக்கிற கட்டிடத்தின் வாசல்
13.7.2025, ஞாயிறு

அம்மா,

கீழே வாசலில்தான் இருக்கிறேன். செக்யூரிட்டி அண்ணன் அறையில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, அவரிடமே பேப்பர் வாங்கி எழுதுகிறேன். பயப்படாதே, அப்பா நன்றாக இருக்கிறார். ஏன் வந்தேன் என்று சொல்லிவிடுகிறேன்.

நேற்று டிவி பக்கமே போகக் கூடாது என்றுதான் இருந்தேன். எழிலரசி அக்கா வீட்டில் எல்லோரும் கிளம்பி நம் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். நான் அடுப்படியில் வேலை இருப்பது மாதிரி நின்றேன். அப்பா வேண்டுமென்றே சத்தத்தைக் கூட்டி வைத்தார்.

தொகுப்பாளர், "வீட்ல யார் யாரெல்லாம் இருக்காங்கம்மா?" என்று கேட்டார். "வீட்டுக்காரரு. ஷேர் ஆட்டோ ஓட்டறாரு" என்றாய். "பிள்ளைங்க?" என்றார். நீ புடவைத் தலைப்பை இழுத்துச் சரிசெய்தாய். அதற்குள் நான் கூடத்துக்கு வந்துவிட்டேன். உன் முகத்தைப் பெரிதாகக் காட்டினார்கள். "இல்லீங்க" என்றாய்.

எழிலரசி அக்கா திரும்பி என்னைப் பார்த்தார். அப்பா கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார். நான் கேட்டதைத்தானே அம்மா நீ கொடுத்தாய்? எழுதிக் கேட்கும்போது எனக்கு ஒன்றும் தெரியவில்லை. உன் வாயால் கேட்டபோதுதான் என்ன கேட்டிருக்கிறேன் என்று புரிந்தது.

அழக்கூட நீ நேரம் கொடுக்கவில்லை. பேண்டு வாத்தியம் மாதிரி ஒரு மியூசிக் போட்டார்கள், அந்தச் சக்கர மலை வந்துவிட்டது. பசங்கள் உன்னைச் சுற்றித் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். கூட்டம் சிரித்த சிரிப்பு! "மலை எந்தப் பக்கம்மா? மலை எந்தப் பக்கம்?" என்று தொகுப்பாளர் கத்தினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திரும்பப் போகிறாய், அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். திறந்து பார்த்தால் நீ அசையவே இல்லை. அவர்கள் ஓடி ஓடிக் களைக்கிறவரை பார்த்துக்கொண்டு நின்றாய். அப்புறம் சொன்னாய், சத்தம்கூடப் போடாமல், ரவிக்கைக்கு அளவெடுக்கும்போது பேசுவாயே, அந்தக் குரலில்: "நிறுத்துங்கப்பா. மலை சுத்தாது. நாமதான் அதைச் சுத்தணும்."

செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாய். கைகூப்பிக்கொண்டு அந்தத் தெர்மாகோலை வலமாக ஒரு சுற்றுச் சுற்றினாய். அவசரமே இல்லாமல். நீ பாதி சுற்றுவதற்குள் சிரிப்பு நின்றுபோனது. மலையைத் தள்ளிக்கொண்டு வந்த பையன்களில் ஒருவன் தன் செருப்பை அவிழ்த்ததை நான் பார்த்தேன். இன்னொருவன் கன்னத்தில் போட்டுக்கொண்டான். அது தெர்மாகோல் என்று நம் கூடத்தில் இருந்த எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் எழிலரசி அக்கா எழுந்து நின்றுவிட்டார்.

அப்புறம் நீ உதட்டைக் குவித்தாய்.

என்ன அம்மா அது? அவ்வளவு பெரிய மண்டபத்தை நிறைக்கிற சத்தம் ஒரு மனுஷி வாயிலிருந்து எப்படி வந்தது? காற்று, அதிர்வு, அலைநீளம் என்று பசங்களுக்குப் போர்டில் எழுதிப் போடுகிறவள் நான். எனக்கு எதுவும் புரியவில்லை. மேலே போய்க்கொண்டே இருந்தது, இதற்கு மேல் போனால் அறுந்துவிடும் என்று பயந்தபோது இன்னும் மேலே போனது. நடுவர் ஒருவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, திரும்பப் போட மறந்து உட்கார்ந்திருந்தார்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. இந்த மெட்டு எனக்குத் தெரியும். நேர்த்தையலில் வேகமாகப் போகும், கழுத்து வளைவு வந்தால் இழுத்து மெதுவாகும், நூல் அறுக்கும்போது சட்டென்று நிற்கும். நீ தைக்கும்போதெல்லாம் மிஷின் சத்தத்துக்கு அடியில் கேட்டுக்கொண்டே இருக்குமே. பெல்ட் தேய்கிற சத்தம் என்று நினைத்து நானே ஒருநாள் மிஷினுக்கு எண்ணெய் விட்டேன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய், ஏன் என்று சொல்லவில்லை. அம்மா, நான் அந்தச் சத்தத்தில்தான் தூங்கியிருக்கிறேன், படித்திருக்கிறேன், பரீட்சைக்கு அழுதிருக்கிறேன். பத்து வருஷமாக உன்னை ஒருத்தரும் கேட்டதில்லை என்று எழுதினாயே, இத்தனை வருஷமும் நான் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறேன். அது நீ என்று தெரியாமல் போயிற்று.

நீ முடித்ததும் மண்டபத்தில் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். அப்புறம் தட்டினார்கள் பார். நம் தெருவிலும் வீட்டுக்கு வீடு தட்டுகிற சத்தம் கேட்டது. அப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். "மாடியில அன்னிக்கு நானும் தெருவோட சேந்து சும்மா இருந்துட்டேன்டி" என்றார்.

காலையில் முதல் பஸ் பிடித்தேன். அப்பாவைக் கூப்பிட்டேன். "உனக்கும் அவளுக்கும் நடுவுல நான் எதுக்கு? நீ போ" என்று பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டார். ஆரணி, ஆற்காடு, காஞ்சிபுரம் எல்லாம் வந்ததும் போனதும் தெரியவில்லை. நாளைக்கு எட்டாம் வகுப்பில் என்ன ஆகுமோ, அதுவும் தெரியவில்லை. அதை நாளைக்குப் பார்த்துக்கொள்கிறேன்.

இங்கே வந்தால் இந்த அண்ணன் உள்ளே விடமாட்டேன் என்கிறார். "யாரைப் பாக்கணும்?" என்றார். "ஜோதியம்மாளை. நான் அவங்க பொண்ணு" என்றேன். மேலும் கீழும் பார்த்தார். "நேத்து நானும்தாம்மா டிவி பாத்தேன். பிள்ளை இல்லன்னு அந்தம்மாவே சொல்லிட்டாங்க. காலைலேருந்து நீ நாலாவது ஆளு, அண்ணன் பொண்ணு, அக்கா பொண்ணுன்னு" என்கிறார். ஆதார் கார்டை எடுத்துக் காட்டினேன். அதில் அப்பா பெயர்தான் இருக்கிறது, உன் பெயர் இல்லை. உன் கையால் எழுதி வந்தால் மட்டும் விடுவாராம்.

அவர் மேல் தப்பில்லை. இதை மேலே கொடுத்தனுப்பச் சம்மதித்திருக்கிறார். அம்மா, நான் யார் என்று இவருக்கு ஒரு வரி எழுதிக் கொடு. எழுத மனம் வராவிட்டாலும் பரவாயில்லை. சாயங்காலம் வரை இங்கேயே உட்கார்ந்திருப்பேன்.

உன் பெண்
கவி


13.7.2025

வாசலில் இருக்கும் செக்யூரிட்டி தம்பிக்கு,

வணக்கம். மேடையில் நான் சொன்னது பொய். அங்கே உட்கார்ந்திருப்பவள் நான் பெற்ற பெண், ஒரே பெண். இடது புருவத்துக்கு மேலே ஒரு தழும்பு இருக்கும், பாருங்கள். தவழும்போது மிஷின் காலில் இடித்துக்கொண்டது. அவள் திருவண்ணாமலையில் சயின்ஸ் டீச்சர். இதையெல்லாம் யார் கேட்டாலும் நீங்கள் தாராளமாகச் சொல்லலாம்.

விடியற்காலையில் கிளம்பியிருக்கிறாள், ஒன்றும் சாப்பிட்டிருக்க மாட்டாள். கேட்டால் சாப்பிட்டேன் என்பாள், நம்பாதீர்கள். வெயிலில் நிறுத்தாமல் ஒரு வாய் தண்ணீர் கொடுங்கள். லிப்டுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லை, படியிலேயே இறங்கி வருகிறேன்.

இப்படிக்கு,
கவிநிலாவின் அம்மா